நடை டாக்டரம்மா

எங்க வூட்டுக்காரக கூட வேலை பாக்குற பய ஜமால், அவுக செருப்பை ஒரு குச்சி நுனியில மாட்டித் தூக்கிட்டு வந்தான் கேட்டியளா, எனக்கு அதுதான் தாங்க முடியல. கையில எடுத்துட்டு வந்து, "லாத்தா, காக்கா செருப்பு வழியில கெடந்துச்சு"ன்னு குடுத்திருந்தா ஒரு டீயப் போட்டுக் குடுத்து அனுப்பியிருப்பேன். எங்க பக்கம் லாத்தான்னா அக்கா, காக்கான்னா அண்ணன். செத்த எலியத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்து எங்க ஒத்த ரூம் கோலி வாசல்ல போட்டான். போட்டுட்டுக் குச்சியையும் தூர வீசினான்.

"என்னலே இது?"ன்னு கேட்டேன்.

"காக்கா செருப்பு. நடுச்சந்துல கழண்டு விழுந்துட்டு. அவரு பாட்டுக்கு ஒத்தச் செருப்போட போறாரு லாத்தா. நான் கூப்பிட்டுச் சொன்ன பெறவுதான் குனிஞ்சு காலப் பாத்தாரு."

சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். எதுக்குப் பாக்கான்னு எனக்குத் தெரியாதா? தோல் வேலை பாக்குற எங்க ஆளுகளுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. கால விட்டுச் செருப்பு நழுவுனது ஒருத்தனுக்குத் தெரியலன்னா அவனுக்குப் பெருவியாதி வந்துட்டுன்னு அர்த்தம். குஷ்டம்னு வாயத் தெறந்து சொல்ல மாட்டாக. "அவனுக்குச் செருப்பு நழுவுதாம்"னு மட்டும் சொல்லுவாக. கேக்குறவன் ரெண்டடி தள்ளி நின்னுக்கிடுவான்.

"செருப்பு பழசாப் போச்சுன்னா நழுவத்தான் செய்யும். பெரிய வைத்தியரு வந்துட்டாரு. போலே அங்கிட்டு!"ன்னு வெரட்டி விட்டேன். வெரட்டிட்டு, அந்தச் செருப்பக் கையால எடுத்துத் தொடச்சு உள்ள வச்சேன்.

எங்க வூட்டுக்காரக பேரு கரீம் பாட்சா. எங்களுக்குச் சொந்த ஊரு கடையநல்லூர்ப் பக்கம். பொழைக்க வந்தது தாராவி. அப்துல் ரவூப்னு எங்க பக்கத்து ஆளு ஒருத்தரு வச்சிருந்த கார்கானாவுல பெல்ட்டும் பர்ஸும் தைக்கிற வேலை அவுகளுக்கு. பம்பாயில டிராம் வண்டிய நிறுத்துனாங்க பாருங்க, அந்த வருஷம். நோன்புப் பெருநாளைக்கு முந்தி வெளியூர் ஆர்டர் ஒண்ணு வந்து, கார்கானாவுலயும் தைச்சு, மிச்சத்த வூட்டுக்கும் தூக்கிட்டு வந்து தைச்சாக. பெருநாள் முடிஞ்ச கையோட கால் இப்படி ஆயிட்டு.

எப்படின்னா, வலது கால்ல முன்பாதம் தொங்கிப்போச்சு. விரலத் தூக்க முடியல. பாதம் தரையில தேயாம இருக்கணும்னு முழங்கால ஒசரத் தூக்கி, இல்லாத படியில ஏறுற மாதிரி வச்சு, தொப்புன்னு கீழ போடுவாக. சந்துல சாக்கடைக்கு மேல பலகை போட்டிருக்கும். அவுக வர்றது எனக்கு ரெண்டு கோலிக்கு முந்தியே கேக்கும். சாதாரணமா ஒண்ணு, தொப்புன்னு ஒண்ணு. என்ன மச்சான்னு கேட்டா, "மரத்துப்போச்சு, சரியாயிரும்"னு வாய மூடிக்கிடுவாக. அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு கேட்டியளா, செருப்பு விழுறதுக்கு முந்தியே அவுக மனசுல அந்தப் பயம் உக்காந்துட்டு.

மறுநாளே ரவூப் சாச்சா வந்தாரு. எப்பவும் உள்ள வந்து உக்காந்து பிள்ளையக் கொஞ்சிட்டுப் போற மனுசன், அன்னைக்கு வாசல்லயே நின்னாரு.

"கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வர வேணாம் கரீமு. நான் ஒண்ணும் நெனைக்கல. பயலுவோ பயப்படுதானுவோ. எல்லாரும் ஒரே சஹன்ல கை போட்டுச் சாப்பிடுற எடம், ஒனக்குத் தெரியாததா?"

சஹன்னா பெரிய தட்டு. நாலு பேரு சுத்தி உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுறது எங்க வழக்கம். "அப்ப இத்தனை வருசம் சாப்பிட்டதெல்லாம் எங்க போச்சு சாச்சா?"ன்னு நான் பிடிச்சுக்கிட்டேன். அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. கெட்ட மனுசன் இல்ல, பயந்த மனுசன். எனக்கு அன்னைக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது.

எங்க வூட்டுக்காரக அன்னைக்கு ராவே ஒதுங்கிட்டாக. அலுமினியத் தட்டு ஒண்ண எடுத்துத் தனியா வச்சுக்கிட்டாக. பாயத் தூக்கிக் கதவோரம் போட்டுக்கிட்டாக. எங்க மக நஸீராவுக்கு அப்ப ஒரு வயசு ஆகப்போகுது. எதையாவது பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கிற பருவம். வாப்பா மடின்னா உசுரு அதுக்கு. தவழ்ந்து தவழ்ந்து அவுக கிட்ட போவும். இவுக பின்னால பின்னால நகர்ந்து செவுத்துல போயி ஒட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் கக்கத்துல இடுக்கிக்கிடுவாக. பிள்ள விளையாட்டுக் காட்டுறாகன்னு நெனைச்சுக் கெக்கெக்கென்னு சிரிக்கும். எனக்குச் சோத்தப் பெசையிற கை அப்படியே நின்னு போவும்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் வடாலா போயிருதேன் ஆபிதா. அங்க இந்த வியாதிக்காரங்கள வச்சுப் பாக்குற எடம் இருக்கு. நீ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போயிரு"ன்னாக.

"கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு? எந்த டாக்டரு சொன்னான் பெருவியாதின்னு? ஜமால் டாக்டரா?"

"டாக்டருகிட்ட போனா பேர எழுதுவான். தாராவி பூரா தெரிஞ்சுரும். நஸீராவ நாளைக்கு எவன் கட்டுவான்?"

ஒரு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்குறாக பாருங்க. நான் கத்தின கத்துல பக்கத்துக் கோலிக்காரி செவுத்தத் தட்டினா. கடைசியில ஒரு பேச்சுக்கு வந்தோம். ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரணும். பெருவியாதிங்கிற பேச்சு என் வாயிலேர்ந்து வராது. அதுக்குப் பெறவு அவுக இஷ்டம்.

மாட்டுங்கா பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இவுக நிக்காஹுக்குத் தைச்ச பேண்ட எடுத்து மாட்டிக்கிட்டாக. அப்பல்லாம் குழாய் மாதிரி பேண்டுதான நாகரிகம். அதுக்குள்ள கால நுழைக்கிறதுக்கே ஒரு ஆள் வேணும். கைலியக் கட்டிக்கிட்டு வாங்கன்னா கேக்கல. மரியாதையா போகணும்னாக.

சீட்டு எழுதுற எடத்துல, என்னன்னு ஹிந்தியில கேட்டான். சுளுக்குக்கு ஹிந்தியில மோச். "கீழ விழுந்துட்டாரு. மோச், மோச்"னு அடிச்சுச் சொல்லிட்டேன். அவன் மோச்னு எழுதி எலும்பு டாக்டருகிட்ட அனுப்பினான். அங்க ஒரே கூட்டம். அந்த டாக்டரு கால அமுக்கிப் பாத்தாரு, எலும்பு முறியலன்னாரு, நடக்கப் பழக்குற எடத்துக்குப் போங்கன்னு இன்னொரு சீட்டக் குடுத்தாரு.

அது ஒரு நீளமான அறை. நடுவுல பிடிச்சுக்கிட்டு நடக்குறதுக்கு ரெண்டு பக்கமும் கம்பி, கடைசியில ஆள் ஒசரக் கண்ணாடி. பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு நாங்க பெஞ்சுல உக்காந்தோம். எங்க முன்னால ஒவ்வொருத்தரா நடந்து காட்டுறாக. ஒரு பெரியவரு ஒரு கால மடக்காம அப்படியே அரைவட்டமா சுத்திக் கொண்டாந்து வைக்காரு. ஒரு பையன் நடக்கும்போதெல்லாம் தொடையக் கையால அமுக்கிக்கிடுதான். ஒரு பொம்பளை அடிக்கு ஒருதரம் ஒரு பக்கமா சரியுது. இன்னொரு ஆளு ஒரு கால வச்சும் வைக்காம வெடுக்குன்னு அடுத்த காலுக்குத் தாவுறாரு. இவுக எல்லாத்தையும் பாத்துட்டு என் காதுல, "எவனும் என்ன மாதிரி நடக்கல பாத்தியா"ன்னாக. தன்னது அந்த வியாதிதான்னு அதுலயும் ஒரு சாட்சி அவுகளுக்கு.

எல்லாரையும் நடக்கவிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தது ஒரு சின்ன வயசுப் பொண்ணு. வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, ஒத்தப் பின்னல். எங்க சீட்ட வாங்கிப் பாத்துட்டு ஹிந்தியில என்னமோ கேட்டுச்சு. நான் இவுக பக்கம் திரும்பி, "இது படிச்சு முடிச்சுட்டு வந்துச்சா, பாதியில வந்துச்சான்னு தெரியல. இதுகிட்டயா அனுப்பியிருக்கான்?"ன்னேன்.

"முடிச்சுட்டுத்தான் வந்தேன். கவலைப்படாதீங்கோ"ன்னு பச்சைத் தமிழ்ல சொல்லிச்சு அது. "மாட்டுங்காதான் எங்களுக்கு. பூர்வீகம் பாலக்காடு. பேரு ஷ்யாமளா."

எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிடுறதுன்னு தெரியல. "தாயே, டாக்டரம்மா, தப்பா எடுத்துக்கிடாதீக"ன்னேன். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டுன்னு அது சொல்லிச்சு. அந்தப் பேரு என் வாயில நுழையல. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணிட்டு, நடை டாக்டரம்மான்னு வச்சுக்கிட்டேன். அதுவும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டு.

இவுகள நடக்கவிட்டுச்சு. போய்ட்டு வாங்கோ, திரும்பி வாங்கோ, இன்னொரு தரம். அறை பூரா தொப்பு தொப்புன்னு கேக்குது. பாத்து முடிச்சுட்டு என்கிட்ட, "இது சுளுக்கு இல்லையே"ன்னுச்சு.

"சுளுக்குதான். மச்சுலேர்ந்து விழுந்துட்டாக."

"உங்காத்துல மச்சு இருக்கா?"

தாராவியில தலைக்கு மேல தகரம் இருந்தாலே பெரிய விசயம். அந்தம்மா வெடுக்கு வெடுக்குன்னு தாவுன ஆளக் காமிச்சுது. "அவருக்குத்தான் சுளுக்கு. வலிக்கற கால்லே நிக்கப் பயந்துண்டு சட்டுனு அடுத்த காலுக்குப் போயிடறார். உங்காத்துக்காரர் அந்தக் கால்லே நன்னா நிக்கறார். வலியே இல்லை."

"அப்ப அந்தப் பெரியவரு கால வட்டம் போட்டு வீசுறாரே?"ன்னு கேட்டேன். பேச்ச மாத்தலாம்னு பாத்தேன்.

"பக்கவாதம் வந்து போயிருக்கு. முழங்கால் மடங்கலை, பாதமும் தரையிலே இடிக்கும். அதனாலே சுத்திக் கொண்டு வரார். அந்தப் பையனுக்குப் போலியோ. தொடைச் சதைக்குப் பலம் இல்லை. கையாலே அழுத்திக்கலேன்னா முழங்கால் மடிஞ்சுடும். அந்த மாமிக்கு இடுப்புச் சதை சரியில்லை, ஒடம்பைச் சாய்ச்சுத்தான் நடக்க முடியும். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. இவருக்கு என்ன காரணம்னுதான் பாக்கறேன்."

இவுகள பெஞ்சுல உக்கார வச்சு, முன்பாதத்த மேல தூக்குங்கோன்னுச்சு. இவுக முக்குறாக, மூஞ்சி செவக்குது, பாதம் அசையவே இல்ல. பாதத்து மேல பஞ்சால தடவிச்சு. தெரியலன்னாக. டாக்டரம்மா மூஞ்சியில சிரிப்பு போயிட்டு.

"என்ன வேலை பாக்கறேள்? எப்படி உக்காந்து பாக்கறேள்? கீழே உக்காந்து காட்டுங்கோ."

இவுக தரையில உக்காந்தாக. எப்படி உக்காந்தாக தெரியுமா? பள்ளியில தொழுகையில இருக்கிற மாதிரி, ரெண்டு காலையும் மடக்கி, தொடை மேல கைய வச்சு, கண்ணத் தாழ்த்தி, அம்புட்டு அடக்கமா!

"நாள் பூரா இப்படித்தானா?"

"ஆமா டாக்டரம்மா."

அந்தம்மா யோசிச்சுது. தலைய ஆட்டிக்கிட்டு, "அப்போ வேற ஏதோ இருக்கு. தோல் டாக்டர் ஒரு தரம் பாக்கட்டும்"னு சீட்டுல எழுத ஆரம்பிச்சுது. தோல் டாக்டர்ங்கிற சொல்லு காதுல விழுந்ததும் இவுக எந்திரிச்சு, கண்ணாடியப் பாத்து ஒரு தடவை சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, வாசலப் பாக்க நடந்துட்டாக. நேரா வடாலாதான் போகப்போறாக. எனக்குத் தெரிஞ்சு போச்சு.

வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம். பிள்ளைய அந்தச் சாஞ்சு நடக்குற பொம்பளை மடியில போட்டேன்.

"பொய்! அம்புட்டும் பொய்! எந்தத் தையக்காரன் தொழுகையில உக்காந்த மாதிரி உக்காந்து பெல்ட்டுத் தைக்கான்? பொம்பளை முன்னால கைலியத் தொடைக்கு மேல சுருட்டி உக்காந்து காட்ட வெக்கம் வந்துட்டாக்கும்! ஒங்க வெக்கத்துக்கு என் பிள்ள வாப்பா இல்லாம வளரணுமா? இந்தா பாருங்க டாக்டரம்மா, இவுக உக்காருற லட்சணத்த!"

தரையில உக்காந்தேன். ஒரு கால மடக்கி, வலது முழங்கால நெஞ்சு ஒசரத்துக்குக் குத்த வச்சேன். மேல போட்டிருந்த துப்பட்டிய உருவிக் கயிறாத் திரிச்சேன். "இது தோல் வாரு. தைக்கிற பெல்ட்ட முழங்கால்ல வச்சு, நழுவாம இருக்க வார இப்படிச் சுத்துவாக. மறு முனைய உள்ளங்காலுக்குக் கீழ குடுத்து மிதிச்சுக்கிடுவாக. மிதிக்க மிதிக்க இறுகும். ஆர்டர் அவசரம்னு வாரக் குட்டையாக்கி, பக்கிள் வேற வச்சு, காலையில மாட்டுனா தொழுகைக்கும் நோன்பு தொறக்கவும்தான் கழட்டுவாக!"

அறையில அம்புட்டுப் பேரும் நடக்குறத விட்டுட்டு என்னத்தான் பாக்காக. ஒரு முஸ்லிம் பொம்பளை துப்பட்டிய உருவிட்டுத் தரையில உக்காந்து கத்தினா பாக்க மாட்டாகளா? இவுக வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏ புள்ள, எந்திரி, எந்திரி"ங்காக.

டாக்டரம்மா எழுதுறத நிறுத்திட்டு என் பக்கத்துலயே தரையில உக்காந்துட்டு. என் முழங்காலுக்குக் கீழ, வெளிப்பக்கம் உருண்டையா ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்கும் பாருங்க, அங்க விரல வச்சுது. "பக்கிள் இங்கேயா இருக்கும்?"

"அங்கதான். சரியா அங்கதான்."

விருட்டுன்னு எந்திரிச்சுது. "பேண்ட்டை முழங்காலுக்கு மேலே ஏத்துங்கோ"ன்னுச்சு இவுகளப் பாத்து.

இவுக அசையல. அந்தக் குழாய்ப் பேண்டு ஏறவும் ஏறாது. ஆனா இவுக ரெண்டு கையாலயும் முழங்காலப் பொத்திக்கிட்டாக. என்னடா இதுன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. "கத்தரிக்கோல் இருக்கா டாக்டரம்மா?"ன்னேன். கட்டு வெட்டுற கத்தரிக்கோலக் குடுத்துச்சு. கரக்குன்னு பக்கவாட்டுத் தையலப் பிரிச்சு விட்டேன். நிக்காஹ் பேண்டு போனா போகட்டும், தைக்கிறவன் வூட்டுல தையலுக்கா பஞ்சம்?

அந்த உருண்டை எலும்புக்கு மேல கறுப்பா, தடிச்சு, ஒரு தழும்பு.

"இதான் ஆபிதா. இதான் மொதல்ல வந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும். ஒன்கிட்ட எப்படிக் காட்டுறது?"ன்னு சொல்லி, அத்தனை பேரு முன்னால அழுதுட்டாக. எங்களுக்கு நிக்காஹ் ஆன நாள்லேர்ந்து அவுக கண்ணுல நான் தண்ணி பாத்ததில்ல. அந்தப் பேண்டு எதுக்குன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

டாக்டரம்மா அந்தத் தழும்புக்குப் பின்னால விரலால லேசா தட்டுச்சு. இவுக "ஆ"ன்னு துள்ளினாக. "சுர்ருன்னு விரல் வரைக்கும் கரண்டு அடிக்குது!"

"அடிக்கணும். நல்லதாக்கும் அது"ன்னு சொல்லிட்டு, அது ஓடிப்போயிப் பெரிய டாக்டரக் கூட்டிட்டு வந்துச்சு. மராட்டிக்காரரு, நரைச்ச தலை. கண்ண மூடச் சொல்லி ஒடம்பு பூரா பஞ்சால தொட்டாரு, ஊசியால குத்தினாரு. முழங்கை, கழுத்து, காதோரம்னு ஒவ்வொரு எடத்துலயும் நரம்பத் தடவிப் பாத்தாரு. கடைசியில அந்தக் கறுப்புத் தழும்புல ஊசிய வச்சாரு. "வாப்பாடி!"ன்னாக இவுக. பெரிய டாக்டரு சிரிச்சுக்கிட்டு ஹிந்தியில சொன்னாரு, குஷ்டத் தழும்பா இருந்தா வலி தெரியாது, இவரு இப்படிக் கத்த மாட்டாருன்னு.

டாக்டரம்மா எங்களுக்கு வெவரம் சொல்லிச்சு. அந்த எலும்பச் சுத்தித் தோலுக்கு அடியிலயே ஒரு நரம்பு போகுதாம். பாதத்த மேல தூக்குற சதைக்கெல்லாம் அதுதான் உத்தரவு குடுக்குமாம். குத்த வச்சு உக்காந்ததும் வாரு இறுக்குனதும் சேர்ந்து அதை நசுக்கிட்டு. பாதத்து மேல மரத்துப்போனதும் அதனாலதான், தழும்பு பக்கிள் உரசி வந்ததாம். இனி அந்த வாரத் தொடக்கூடாது, குத்த வச்சு உக்காரக்கூடாது, நரம்பு மெதுவா முழிச்சுக்கிடும்.

"நிச்சயம் வருமா தாயே?"

"பெரும்பாலும் வரும். மாசக்கணக்கிலே ஆகலாம். நான் சத்தியம் பண்ண முடியாது." கொஞ்சம் நிறுத்திட்டு இவுகளப் பாத்துச் சொல்லிச்சு, "இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்கோ. அந்த வியாதியாவே இருந்தாலும் இப்போ அதுக்கு மாத்திரை இருக்கு. ஆத்தை விட்டுட்டு ஓடறது வைத்தியம் இல்லை."

நான் அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். திரும்பி வரும்போது சந்துல அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி, "பெருவியாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! வாரு நசுக்கிட்டு! போயி ஒங்க முழங்காலப் பாருங்கலே!"ன்னு கத்திக்கிட்டே வந்தேன். கார்கானாவுல ஏறி ரவூப் சாச்சாகிட்டயும் சொன்னேன். அவரு தாடியத் தடவிக்கிட்டு, "கால் எந்திரிக்கட்டும் ஆபிதா. பயலுவோ கண்ணால பாத்தா நம்புவானுவோ"ன்னாரு.

அதாவது போகட்டும், அடுத்த வூட்டு மனுசன். சொந்த மனுசன் நம்ப வேணாமா? அன்னைக்கும் அந்த அலுமினியத் தட்டத்தான் எடுத்தாக.

"மச்சான், டாக்டரு சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. நீ சீட்டு எழுதுறவன்கிட்ட மோச்னு சொன்னதும் விழுந்துச்சு. வாய் கூசாம மச்சுலேர்ந்து விழுந்தாகன்னே. அந்தம்மா காதுல என்னத்த ஓதினியோ, யாரு கண்டா? நீ அழுவேன்னு பாவப்பட்டுச் சொல்லியிருப்பாக."

நான் சொன்ன பொய்யி, நான் கொண்டாந்த மெய்யையும் சேத்துக் கெடுத்துட்டு. பெறவு ஒரு மாதிரி சமாளிச்சு, "அந்தம்மா மாசக்கணக்குல ஆகும்னுச்சுல்ல, அதுவரைக்குமாவது இருங்க"ன்னு காலப் பிடிக்காத குறையாக் கெஞ்சி நிறுத்தி வச்சேன். இருந்தாக. கதவோரம், தனித் தட்டு, கக்கத்துல கை.

வாரத்துக்கு ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. கால் தொங்காம இருக்க, பாதத்த மேல இழுத்துக் கட்டுற மாதிரி ஒரு பட்டிய வரைஞ்சு குடுத்துச்சு டாக்டரம்மா. இவுகளே தைச்சு மாட்டிக்கிட்டாக. அத மாட்டினா செருப்பு நிக்கும், நடக்கலாம். அங்க அந்தம்மா பாதத்தப் பிடிச்சுக்கிட்டு, "தூக்குங்கோ, தூக்குங்கோ, மனசாலேயாவது தூக்குங்கோ"ங்கும். வூட்டுல நான் அதையே செய்யணும். தெனம் சமையலுக்கு நடுவுல அவுக கால என் மடியில வச்சுக்கிட்டு, "தூக்குங்க மச்சான், தூக்குங்க"ன்னு கத்துவேன். மழை பிடிச்சுட்டு, தகரத்துல அடிக்கிற சத்தத்துக்கு மேல கத்துவேன். பக்கத்துக் கோலிக்காரி, "என்னத்தத் தெனம் தூக்கச் சொல்லுதா இவ?"ன்னு கேலி பண்ணுவா. பாதம் மட்டும் செத்த மீனாக் கெடக்கும். பஞ்சால தொட்டா அங்கங்க தெரியுதுன்னாக, அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம், சட்டை ரெண்டத் துணிப்பையில மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தாக.

"போதும் ஆபிதா. அந்தப் பிள்ள என்னப் பாத்துத் தெனம் ஏமாந்து போவுது. என்னால முடியல. மழை விட்டதும் கெளம்புதேன்."

எனக்கு அழுகை வரல, எரிச்சல்தான் வந்துச்சு. "போங்க. தாராளமா போங்க. இன்னைக்கு எக்சர்சைஸ் முடிச்சுட்டுப் போங்க. டாக்டரம்மா கேட்டா நான் பதில் சொல்லணும்ல"ன்னேன். பைய ஓரமா வச்சுட்டு உக்காந்து கால நீட்டினாக. ஸ்டவ்வுல ஆணம், கொழம்புதான், கொதிச்சுக்கிட்டு இருக்கு. நஸீரா ஸ்டவ்வுக்கு அந்தப் பக்கம் டிரங்குப் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் பட்டியக் கழட்டி, பாதத்த மடியில வச்சு, வாய் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே கை பாட்டுக்குத் தேய்க்கேன். என்ன என்னத்தையோ திட்டினேன், அவுக வாப்பாவக் கூட விடல. "தூக்குங்க"ன்னு அன்னைக்கு ஒப்புக்குத்தான் சொன்னேன். அவுக வாசல்ல மழையப் பாத்துக்கிட்டு இருந்தாக.

பெருவிரல் அசைஞ்சுது.

நான் அசைக்கல. என் கை குதிங்கால்ல இருந்துச்சு. பெருவிரல் தானா, ஒரு நெல்லு ஒசரம், மேல வந்துட்டுக் கீழ போச்சு.

"தூக்குங்க!"ன்னு அலறினேன். "மச்சான், தூக்குங்க! தூக்குங்க மச்சான்!"

நான் அப்படி அலறி அவுக கேட்டதே இல்ல. திடுக்குன்னு திரும்பினாக. பிள்ள ஸ்டவ்வுக்குப் பக்கத்துல நிக்குறது கண்ணுல பட்டுட்டு. காலு என் மடியில இருந்ததெல்லாம் நெனப்பில்ல. என்னத் தள்ளிவிட்டுட்டு முட்டியாலயே பாஞ்சு, ரெண்டு கையாலயும் நஸீராவ அள்ளித் தூக்கிட்டாக.

"எங்க சுட்டுச்சு? எங்கம்மா சுட்டுச்சு?"ன்னு அவ உள்ளங்கையப் பாக்காக, கால் விரலப் பாக்காக, கன்னத்தத் தடவுறாக, முடிய வெலக்கிப் பாக்காக.

"சுடல மச்சான். ஒண்ணும் சுடல. விரல். ஒங்க பெருவிரல் எந்திரிச்சுட்டு. அதத் தூக்கத்தான் சொன்னேன்"ன்னேன். சிரிக்கேனா அழுறேனான்னு எனக்கே தெரியல.

அவுக காதுல விழுந்துச்சு. கீழ குனிஞ்சு தன் காலப் பாத்தாக. இன்னொரு தடவை அந்த விரல் ஒரு நெல்லு ஒசரம் எந்திரிச்சு எறங்கிச்சு. அதை அவுகளே கண்ணால பாத்தாக. நஸீரா அவுக தாடிய ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா.

"பிள்ளைய எறக்கி விடுங்க. பாதம் வருதான்னு பாப்போம்"ன்னேன்.

"இரு புள்ள"ன்னாக. எறக்கவே இல்ல.